ஏ-9 ஊருக்குள் வரும்போது

முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிற்காமல் போகும் வண்டிகள் மிகச் சில. யாழ்ப்பாணத்துக்குப் போகும் பஸ்ஸும் நிற்கும், நெல் ஏற்றிய லொறியும் நிற்கும். சாரதி இறங்கித் தேங்காய் உடைப்பார். பயணிகள் காலை நீட்டி நாலடி நடந்து, திருநீறு பூசி, ஒரு பொட்டலம் கச்சான் வாங்கிக்கொண்டு ஏறுவார்கள். அந்தச் சில நூறு மீற்றருக்கு மட்டும், கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் ஏ-9 வீதியின் குணமே மாறிவிடுகிறது. நடப்பவர் வண்டியைக் கண்டு ஒதுங்குவதைவிட, வண்டிக்காரர் நடப்பவரைக் கண்டு வேகத்தைக் குறைப்பதே அங்கே வழக்கம். கோவில், அதை ஒட்டிய சின்னக் கடைகள், மர நிழல், வீதியின் இரு பக்கமும் ஆட்கள் எல்லாம் சேர்ந்து சாரதிக்கு அது கடந்து போகும் இடமல்ல, வந்து சேர்ந்த இடம் என்று சொல்லிவிடுகின்றன.

நகரத் திட்டமிடலில் இன்று உலகெங்கும் பேசப்படும் ஒரு கருத்தை நான் முறிகண்டியிலிருந்துதான் விளங்கிக்கொண்டேன். வாகனங்கள் ஓடுவதற்கென்றே ஆகிவிட்ட நகர வீதியை, மனிதர்கள் நடக்கவும் நிற்கவும் விற்கவும் வாங்கவும் குடியிருக்கவும் ஏற்ற வீதியாகத் திருப்பி அமைப்பது என்பதே அந்தக் கருத்து. படித்தவர்களுக்கு மட்டும் உரிய விடயம் என்று இதை ஒதுக்கிவிட வேண்டாம். கிளிநொச்சியிலோ மாங்குளத்திலோ வவுனியாவிலோ ஒருமுறை வீதியைக் குறுக்கே கடந்தவருக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும்.

நம்முடைய சொல்லிலிருந்தே தொடங்கலாம். கோவிலில் உள்வீதி, வெளிவீதி என்கிறோம். சுவாமி வீதியுலா வருகிறார். தேர் ஓடும் வீதி அகலமாக இருக்க வேண்டும்; ஊர் முழுவதும் கூடி நின்று வடம் பிடிப்பதற்காக அந்த அகலம். ஏ-9 வீதி, முல்லைத்தீவு வீதி என்னும்போதும் அதே சொல்லைத்தான் சொல்கிறோம், ஆனால் அங்கே அகலம் வேகத்துக்காக ஆகிவிட்டது. கொண்டுபோய்ச் சேர்ப்பது ஒரு வேலை, கூடி நிற்க இடம் தருவது இன்னொரு வேலை. இந்த இரண்டையும் ஒரே சொல்லாலும் ஒரே தாராலும் மூடிவிட்டதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

புளியங்குளத்துக்கும் மாங்குளத்துக்கும் இடையில், இரண்டு பக்கமும் காடு நிற்கும் இடத்தில், வீதி கொண்டுபோய்ச் சேர்க்கட்டும். அதற்கு வேகம் தேவை. கிளிநொச்சியில் டிப்போ சந்திக்கும் கரடிப்போக்குச் சந்திக்கும் இடையில் அதன் வேலை வேறு. அங்கே பாடசாலை விடுகிறது, வங்கிக்கு ஆட்கள் வருகிறார்கள், கோவில் மணி அடிக்கிறது, மீன் வாங்கிய பையோடு ஒருவர் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார். ஆனால் காட்டுக்குள் ஓடிவந்த அதே நேர்கோடும் அதே வழுவழுப்பும் ஊருக்குள்ளும் தொடர்ந்தால், ஊர் வந்துவிட்டது என்பது சாரதியின் காலுக்குத் தெரியாது. அப்படிப்பட்ட வீதி இரண்டு வேலையையும் அரைகுறையாகவே செய்கிறது. வேகமாகப் போக நினைப்பவரைச் சந்திகளும் குறுக்கே வருபவர்களும் தடுக்கிறார்கள். நடக்க நினைப்பவரை வேகம் தடுக்கிறது.

வன்னியின் ஊர்கள் வீதியைப் பிடித்து வளர்ந்தவை. இரணைமடுக் குளத்தின் நீரை நம்பி வந்த குடியேற்றங்களுக்குக் கிளிநொச்சி சந்தையானது. வீதிகள் பிரியும் இடங்களில் பரந்தனும் மாங்குளமும் ஊராயின. 155ஆம் கட்டை என்று மைல்கல்லின் எண்ணையே இடப்பெயராக வைத்துக்கொண்டவர்கள் நாங்கள். அந்த வீதியை நாங்கள் எளிதாக எடுத்துக்கொண்டதும் இல்லை. போரில் மூடிக் கிடந்த அது 2002 பெப்ரவரியில் திறந்தபோது ஊர் கொண்டாடியது. 2006 ஓகஸ்டில் மூடப்பட்டபோது வாழ்க்கையே இறுகியது. போருக்குப் பிறகு பல இடங்களில் வீட்டுக்குக் கூரை வருமுன்பே காபெற் வீதி வந்துவிட்டது. சேற்றிலும் குழியிலும் எல்லாவற்றையும் சுமந்து நடந்தவர்களுக்கு அந்த வழுவழுப்பு எவ்வளவு ஆறுதல் என்பதை அறிவேன். அந்த ஆறுதலைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. அதற்குப் பக்கத்தில் இன்னொன்றை வைத்துப் பார்க்கத்தான் கேட்கிறேன்: அந்த வீதியை அன்றாடம் பயன்படுத்துபவர் யார்?

வெளிநாட்டு எழுத்துகளில் இதைக் காரின் ஆதிக்கம் என்பார்கள். வன்னியில் வீட்டுக்கு வீடு கார் இல்லை. சைக்கிளில் வெள்ளைச் சீருடைப் பிள்ளைகள், மோட்டார் சைக்கிளில் ஆசிரியர்கள், ஓட்டோவில் கர்ப்பிணிகள், உழவு இயந்திரத்தில் விதைநெல், இவற்றுக்கு நடுவே நடந்து போகும் முதியவர்கள். இவர்கள் எல்லோரையும் வீதியோரத்து மண்ணுக்குத் தள்ளிவிட்டு, நடுத் தாரைத் தூரத்து வாகனங்களும் மணல் டிப்பர்களும் எடுத்துக்கொள்கின்றன. ஊரில் சொந்தக் கார் இல்லாதவர்களே அதிகம். வீதியின் பெரும்பகுதியோ அவர்களுக்கு இல்லை.

வேகத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்றவை எல்லாம் இதில்தான் தொங்குகின்றன. மணிக்கு 50 கிலோமீற்றர் என்பது விநாடிக்கு ஏறத்தாழ 14 மீற்றர். எதிரே ஒரு பிள்ளையைக் கண்டு, மூளை விளங்கி, கால் பிரேக்கில் அழுந்த ஒரு விநாடியாவது ஆகும். அதற்குள் 14 மீற்றர் போய்விடும். பிறகு உலர்ந்த நல்ல தாரில் வண்டி நிற்க இன்னுமொரு 14 மீற்றர் வேண்டும். ஆக மொத்தம் 28 மீற்றர். அதே வண்டி 30இல் வந்தால், அந்த ஒரு விநாடிக்கு 8 மீற்றரும் நிற்க 5 மீற்றரும் சேர்த்து 13 மீற்றரில் நின்றுவிடும். இப்போது 15 மீற்றர் தூரத்தில் ஒரு பிள்ளை சைக்கிளைத் திருப்புகிறது என்று வையுங்கள். 30இல் வந்தவர் பிள்ளைக்கு முன்னால் நின்று, கண்ணாடியை இறக்கி ஏசிவிட்டுப் போவார். 50இல் வந்தவரின் கால் பிரேக்கைத் தொடும்போது பிள்ளைக்கும் வண்டிக்கும் இடையில் ஒரு மீற்றர்தான் மிஞ்சியிருக்கும். மோதும் விசையிலும் பெரிய வேறுபாடு உண்டு. வேகம் கூடும்போது ஆற்றல் அதன் வர்க்கத்தில் கூடும். 50இல் வரும் வண்டி சுமக்கும் ஆற்றல் 30இல் வருவதைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு. நடப்பவரும் வாகனமும் கலக்கும் இடங்களில் மணிக்கு 30 கிலோமீற்றருக்கு மேல் வேண்டாம் என்று 2020இல் ஸ்டொக்ஹோம் நகரில் கூடிய உலக வீதிப் பாதுகாப்பு மாநாடு கேட்டுக்கொண்டது இதனால்தான்.

அப்படியானால் 30 என்று ஒரு பலகை நட்டால் போதுமே என்று தோன்றும். போதாது. சாரதி பலகையைப் படிப்பதைவிட வீதியைத்தான் அதிகம் படிக்கிறார். அகலமான, நேரான, பக்கத்தில் எதுவும் இல்லாத தாரைக் கண்டால் கால் தானாக அழுந்தும். எனவே வீதியின் உருவத்தையே மாற்றுவதுதான் இந்தத் துறையின் முதல் பாடம். நெடுஞ்சாலையில் ஒரு தடத்துக்கு மூன்றரை மீற்றரோ அதற்கு மேலோ விடுவார்கள். ஊருக்குள் மெதுவாக ஓடும் வாகனத்துக்கு மூன்று மீற்றர் போதும், பஸ்ஸும் அதில் போகும். மிச்சமாகும் அகலத்தை நடைபாதைக்கும் சைக்கிளுக்கும் கொடுக்கலாம். சந்தி மூலைகளை அகல வளைத்து வைத்தால் டிப்பர் வேகம் குறையாமல் திரும்பும். மூலையை இறுக்கினால் நின்று திரும்பும். பாதசாரிக் கடவையைத் தாரோடு தாராகக் கோடு போட்டுக் காட்டுவதைவிட நடைபாதையின் உயரத்துக்கே உயர்த்திவிடலாம். அப்போது நடப்பவர் இறங்க வேண்டியதில்லை, வண்டிதான் ஏறி இறங்கும். அந்தச் சிறு ஏற்றம் யாருடைய இடத்துக்குள் யார் வருகிறார் என்பதைச் சொல்லிவிடுகிறது.

கடவையின் நீளமும் ஒரு கணக்கு. 14 மீற்றர் அகலத் தாரை, விநாடிக்கு 90 சென்ரிமீற்றர் நடக்கும் ஒரு முதியவர் கடக்க ஏறத்தாழ 16 விநாடி ஆகும். அதற்குள் 50இல் வரும் பஸ் 200 மீற்றருக்கு மேல் வந்துவிடும். அவர் புறப்படும்போது தொலைவில் ஒரு புள்ளியாக இருந்த பஸ், அவர் மறுகரை சேருமுன் அவர் முன்னால் நிற்கும். என் பெரியம்மா வைத்தியசாலைக்குப் போகும் நாள்களில் கடவையில் குடையை மடித்துக் கையில் நீட்டிப் பிடித்துக்கொண்டே இறங்குவார், வண்டிகளை நிறுத்தும் கோல்போல. அந்தக் குடையை நினைத்தால் இப்போதும் நெஞ்சு கனக்கிறது. வீதியின் நடுவே இரண்டு மீற்றர் அகலத்தில் ஒரு மேடை வைத்திருந்தால், அவர் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துப் பாதி கடந்து, அங்கே மூச்சு வாங்கி, மறு பக்கத்தைப் பார்த்து மிச்சத்தைக் கடந்திருப்பார்.

வன்னியில் இதைப் பேசும்போது செயற்கைக் காலோடும் ஊன்றுகோலோடும் சக்கர நாற்காலியோடும் நடமாடுபவர்களைக் கடைசிப் பந்தியில் சேர்த்துக்கொள்ள முடியாது. போரும் கண்ணிவெடியும் எடுத்த கால்கள் எத்தனையோ. அவர்களுக்கு ஏற்றபடி அமைந்த நடைபாதை எல்லோருக்கும் ஏற்றது. எல்லோருக்கும் என்று சொல்லி அமைத்தது பல வேளைகளில் அவர்களுக்கு ஏற்றதாய் இருப்பதில்லை. இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே வந்தால் ஒதுங்கிக்கொள்ள இரண்டு மீற்றர் அகலம் வேண்டும். 15 சென்ரிமீற்றர் உயர விளிம்பில் ஏற, ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற சரிவில், 1.8 மீற்றர் நீளச் சாய்தளம் வேண்டும். வடிகானின் மேல் போட்ட பலகைக் கற்களுக்கு இடையில் இடைவெளி இருந்தால் ஊன்றுகோலின் நுனி அதற்குள் மாட்டும். மின்கம்பத்தை நடைபாதையின் நடுவில் நட்டுவிட்டால் அந்த நடைபாதை அதோடு முடிந்தது. இவை பணம் கேட்கும் விடயங்களே அல்ல. கட்டும் நாளில் ஒருவர் அளவு நாடாவோடு பக்கத்தில் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

நிழலைப் பற்றி வெளிநாட்டு வழிகாட்டிகள் ஓரிரு வரிகளில் முடித்துவிடுகின்றன. எங்களுக்கு அது முதல் வரி. சோளகம் அடிக்கும் மாதங்களில் கிளிநொச்சியின் தார் கொதிக்கும்போது, நிழல் இல்லாத நடைபாதையை எவ்வளவு அழகான கல் பதித்துக் கட்டினாலும் நண்பகலில் அதில் யாரும் நடக்கப்போவதில்லை. வேம்பு, மருது, புளி, இலுப்பை எல்லாம் இந்த மண்ணில் நின்று பழகிய மரங்கள். அவற்றை நடைபாதைக்கும் தாருக்கும் நடுவில் வரிசையாக நட்டால் நடப்பவருக்கு நிழலும் வேலியும் ஒருசேரக் கிடைக்கும். சாரதியின் கண்ணுக்கு வீதி ஒடுங்கித் தெரிவதால் வேகமும் குறையும். ஒன்று கவனிக்க வேண்டும்: அடிமரத்தைச் சுற்றிக் கொங்கிரீற் இறுக்கினால் மரம் வளராது. ஒரு மீற்றருக்கு மேல் மண் திறந்திருக்க வேண்டும். அந்தத் திறந்த மண் மாரியிலும் உதவும். 2018 டிசம்பர் வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு, பெய்த மழை தாரில் வழிந்து ஓடுவதற்கும் மண்ணில் இறங்குவதற்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

இனி, கலப்புப் பயன்பாடு. பெயர்தான் பெரிது, கீழே கடை, மேலே வீடு என்பதுதான் அதன் சாரம். வவுனியா பஜார் வீதிபோன்ற பழைய கடைத்தெருக்கள் ஏன் எப்போதும் உயிரோடு தெரிகின்றன? கடைகள் ஒன்றையொன்று ஒட்டி, வாசல்கள் நடப்பவரின் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுதான் காரணம். புதிதாக எழும்பும் கட்டடங்களோ, முன்னால் வண்டி நிறுத்தப் பரந்த கிறவல் முற்றம் விட்டுப் பின்னால் தள்ளி நிற்கின்றன. தேசிய வீதியின் நடுக்கோட்டிலிருந்து குறித்த தூரம் விட்டே கட்ட வேண்டும் என்ற விதி உண்டு, அது வீதியைக் காக்கும் விதிதான். ஆனால் விட்ட இடம் வெறும் கிறவலாகக் கிடக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. மரமும் இருக்கையும் பந்தலும் அங்கே இருக்கலாம். இரவு ஏழு மணிக்குக் கடைகள் பூட்டியதும் வீதி இருண்டுவிடும். தனியார் வகுப்பு முடிந்து வரும் பிள்ளையும் வேலை முடிந்து வரும் தாதியும் அந்த இருட்டைத் தனியே கடக்கிறார்கள். மாடியில் குடும்பம் இருந்தால் அங்கே ஒரு விளக்கு எரியும், ஒரு ஜன்னல் திறந்திருக்கும், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஒருவர் இருப்பார். அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்கள் இயங்குகின்றன. அங்கே படிக்கும் மாணவர்களுக்கு நகரில் கடைகளின் மேலே அறைகள் இருந்தால், தேநீர்க் கடைக்கும் புத்தகக் கடைக்கும் மாலை வியாபாரம் தானாக வரும்.

கடைக்காரர்கள் அஞ்சுவது வாகனத் தரிப்பிடம் போய்விடுமே என்றுதான். நியாயமான அச்சம், அதைக் கணக்கால்தான் தீர்க்க வேண்டும். ஒரு கார் நிற்க ஏறத்தாழ 12 சதுர மீற்றர் வேண்டும். அதே இடத்தில் பத்துச் சைக்கிள்களை நிறுத்தலாம். காரில் வருபவர் ஒருவர் அல்லது இருவர். சைக்கிளில் பத்துப் பேர். பக்கத்து ஒழுங்கைகளில் கார்களுக்கு இடம் ஒதுக்கிவிட்டு முன்வாசலைச் சைக்கிளுக்கும் நடப்பவருக்கும் கொடுத்தால் வாசலுக்கு வரும் தலைகள் கூடும். வீதியோரத்தில் மரக்கறியும் கச்சானும் இடியப்பமும் விற்பவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கணவரை இழந்து குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்கள் அவர்களில் பலர். நகரை அழகாக்குகிறோம் என்று சொல்லி முதலில் அப்புறப்படுத்துவது இவர்களைத்தான். நடப்பவருக்கான வீதி என்று சொல்லி, நடப்பவரை நிற்க வைக்கும் இவர்களை எடுத்துவிட்டால் அது வெறும் அகலமான நடைபாதை. வரைபடத்தில் முதலில் குறிக்க வேண்டியது அவர்களுடைய இடத்தை என்பது என் உறுதியான எண்ணம்.

1960களின் இறுதியில் சான் பிரான்சிஸ்கோ நகரில் டொனால்ட் அப்பிள்யாட் என்பவர் மூன்று தெருக்களை ஒப்பிட்டார். நாளுக்கு ஏறத்தாழ 2,000 வாகனங்கள் போகும் தெருவில் வாழ்பவர்களுக்கு அதே தெருவில் சராசரியாக மூன்று நண்பர்கள் இருந்தார்கள். ஏறத்தாழ 16,000 வாகனங்கள் போகும் தெருவில் அந்தச் சராசரி ஒன்றுக்கும் குறைவு, 0.9தான். வாகனம் கூடக்கூட எதிர்வீடு தூரமாகிவிடுகிறது. ஏ-9இன் ஒரு பக்கத்தில் வீடும் மறு பக்கத்தில் உறவும் உள்ளவர்களுக்கு இந்த எண் புதிதாக இருக்காது.

மாற்றிக் காட்டிய ஊர்களும் உண்டு. கலிபோர்னியாவில் பாலைவன விளிம்பில் உள்ள லங்காஸ்டர் என்னும் நகரின் நடுவீதி ஐந்து தடங்களோடு வெறிச்சோடிக் கிடந்தது. 2010இல் அதை இரண்டு தடங்களாகச் சுருக்கி, நடுவில் மரங்களை வளர்த்து, மரத்தடியிலேயே வண்டிகள் நிற்கவும் சந்தை கூடவும் இடம் செய்தார்கள். வெயில் ஊர் என்பதால்தான் அதைச் சொல்கிறேன். அங்கேயும் முதலில் வேலை செய்தது நிழல்தான். பக்கத்தில் சென்னையில், தியாகராய நகரின் பாண்டி பஜாரில் 2019இல் நடைபாதைகளை அகலமாக்கி வாகனங்களுக்கான இடத்தைச் சுருக்கினார்கள்.

ஆனால் ஏ-9 ஒரு பஜார் வீதி மட்டுமல்ல, வடக்கின் உயிர்நாடி. அதை மூடுவதைப் பற்றி யாரும் பேசவில்லை. மூடினால் என்ன ஆகும் என்று எங்களைவிட நன்றாக அறிந்தவர்கள் இல்லை. கேட்பது ஊருக்குள் இருக்கும் ஒரு துண்டுக்கு மட்டும் வேகக் குறைப்பு. அந்தத் துண்டு இரண்டு கிலோமீற்றர் என்று வைத்தால், 50இல் கடக்க 2 நிமிடம் 24 விநாடி, 30இல் கடக்க 4 நிமிடம். இழப்பு 96 விநாடி. முறிகண்டியில் தேங்காய் உடைக்க எடுக்கும் நேரம்கூட இல்லை. அம்புலன்ஸுக்கு வழி வேண்டும் என்பது உண்மை. அதற்காகத்தான் வேகத்தடைகளை அடுக்கி வைப்பதைவிடச் சரிவான உயர்கடவைகளையும் ஒடுங்கிய தடங்களையும் விரும்புகிறார்கள்.

புறவழி ஒன்று போட்டுவிட்டால் எல்லாம் தீருமே என்று சொல்பவர்களோடு நான் முழுதாக உடன்படவில்லை. புறவழி வந்ததும் கடைகள் அதன் ஓரத்துக்கு ஓடும். பத்து ஆண்டில் அதுவும் இன்னொரு ஏ-9 ஆகிவிடும், பழைய வீதியோ அதே அகலத்தோடு வெறுமையாகக் கிடக்கும். ஊருக்குள் இருக்கும் வீதியைத் திருத்தாமல் புறவழி போடுவது நோயை அடுத்த அறைக்கு மாற்றுவதுதான்.

யாரிடம் கேட்பது என்பதில்தான் பலர் களைத்துப்போகிறார்கள். ஏ தர, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. ஒழுங்கைகளும் சந்தையும் பிரதேச சபையினுடையவை. கிளிநொச்சி நகருக்குக் கரைச்சிப் பிரதேச சபை. கட்டட அனுமதியும் நகரத் திட்டமும் நகர அபிவிருத்தி அதிகார சபையைத் தொடும். மின்கம்பம் மின் விநியோகத் துறையினுடையது. ஒரு நடைபாதைக்கு இத்தனை கதவுகள். எனவே எழுத்தில் கேட்கும்போது ‘நகரை மேம்படுத்துங்கள்’ என்று பொதுவாக எழுதுவதைவிட, இந்தக் கடவையை உயர்த்துங்கள், இந்த மூலையை இரண்டு மீற்றர் இறுக்குங்கள் என்று இடத்தைச் சுட்டி எழுதினால் பதில் தர வேண்டியவர் யார் என்பது தெளிவாகிவிடும். முதலில் நிரந்தரமாகக் கட்டவும் தேவையில்லை. தார்ப் பீப்பாய்களையும் பூச்சாடிகளையும் வைத்து ஒரு மாதம் சோதித்துப் பார்க்கலாம். சரிவராவிட்டால் ஒரு காலையில் எடுத்துவிடலாம்.

அதற்கு முன்பு நீங்களே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஒரு திங்கட்கிழமை காலை ஆறே முக்காலிலிருந்து ஏழரை வரை உங்கள் ஊர்ச் சந்தியில் ஒரு கொப்பியோடு நில்லுங்கள். நடப்பவர், சைக்கிள், மோட்டார் சைக்கிள், ஓட்டோ, பஸ்ஸில் இறங்குபவர், கார், டிப்பர் என்று கோடு போட்டு எண்ணுங்கள். வண்டிகளை எண்ணாமல் ஆட்களை எண்ணுங்கள். ஒரு பஸ்ஸில் ஐம்பது பேர் இருக்கலாம். மாரி ஓய்ந்த பிறகு அதே சந்திக்கு மறுபடியும் போய்த் தாரைப் பாருங்கள். வெள்ளம் கொண்டுவந்த மண் சில இடங்களில் அப்படியே படிந்து கிடக்கும். ஒரு சில்லும் அதன்மேல் போகாததால்தான் அது அங்கே கிடக்கிறது. அந்த மண் படிந்த இடங்களின் நீள அகலத்தை நாடாவால் அளந்து, கொப்பியின் அடுத்த பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வாகனத்துக்கும் இடைஞ்சல் இல்லாமல் நாளைக்கே நடப்பவருக்குக் கொடுக்கக்கூடிய தார் அவ்வளவு.